லேபிள் அறுபட்ட சட்டை

சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும் டி-ஷர்ட்டுகளின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் லேபிள் பாதிதான் இருக்கும். பிளேடால் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருக்கும், அல்லது பிராண்டின் பெயர்மேல் மார்க்கரால் கோடு இழுத்திருப்பார்கள். வெளிநாட்டு பிராண்டுக்காகத் தைத்து, ஏதோ காரணத்தால் கப்பல் ஏறாமல் போன சரக்கை அந்த பிராண்டின் பெயரோடு உள்ளூரில் விற்கக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. அதனால் பெயர் மட்டும் போய்விடும், சட்டை தங்கிவிடும்.

“எக்ஸ்போர்ட் பீஸாண்ணே?”

“திருப்பூர் சரக்குக்கா. சாயம் போகாது.”

பேச்சு பெரும்பாலும் இதோடு முடியும். மிச்சமெல்லாம் சைஸும் விலையும்தான். திருப்பூர் என்ற பெயருக்குப் பின்னால் கிடக்கும் நீண்ட வழியை நின்று பார்க்கக் கடைக்காரருக்கும் நேரமில்லை, வாங்குபவருக்கும் இல்லை. லேபிள் அறுந்த அந்த ஒரு சட்டை எந்த ஆலையில் தைத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதிரிச் சட்டைகள் நடந்துவரும் வழி தெரிந்த வழிதான். அதில் பின்னோக்கி நடந்து, மறுபடி ஊரப்பாக்கம் வந்து சேரலாம்.

தொடக்கம் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே விளையும் பருத்தி இங்குள்ள நூற்பாலைகளுக்குப் போதவே போதாது. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று பல திசைகளிலிருந்து லாரியில் பேல் வருகிறது. ஒரு பேல் 170 கிலோ. கழிவெல்லாம் போக அதிலிருந்து சுமார் ஐந்நூறு, அறுநூறு சட்டைக்கு நூல் கிடைக்கும். லாரிகள் திண்டுக்கல், வேடசந்தூர், ராஜபாளையம், கோவை, ஈரோடு பக்கத்து மில்களில் இறங்குகின்றன. புளோரூமில் பஞ்சு உதறப்பட்டு, கார்டிங், கோம்பிங், சிம்ப்ளக்ஸ் என்று ஒவ்வோர் எந்திரமாகக் கடந்து, ரிங் ஃபிரேமில் முறுக்கேறி நூலாகிறது. எந்திரங்களின் வரிசைக்கு நடுவே ஓய்வில்லாமல் நடந்து, அறுந்த இழையைக் கண்ட இடத்தில் ஒட்டுகிற பெண்ணுக்கு மில்லில் ‘சைடர்’ என்று பெயர். ஒரு ஷிப்டில் அவள் நடப்பது பல கிலோமீட்டர். நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றில் ஈரமும் வெக்கையும் வைத்திருப்பார்கள். பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் படிந்துகொண்டே இருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்றாக வேண்டும். சட்டையின் பயணத்தில் வாங்குபவர் கண்ணுக்கு அறவே எட்டாத இடம் இதுதான். தைத்த கம்பெனியின் பெயரையாவது எங்கோ ஒரு பட்டியலில் தேடிப் பார்க்கலாம். நூலில் யார் பெயரும் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் தென்மாவட்டக் கிராமங்களில் ஒரு துண்டறிக்கை சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டு வயதுப் பெண்ணை எங்கள் மில்லுக்கு அனுப்புங்கள், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்க்கட்டும், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று மங்கலமான பெயர்கள். மொத்தப் பணம் பெரும்பாலும் முப்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவே. கணக்குப் பார்த்தால் அது பரிசல்ல, மாதாமாதம் பிடித்துவைத்த அவளுடைய கூலிதான். உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருடத்தில் வீட்டுக்குப் போனால் அந்தப் பணம் பல இடங்களில் கிடைக்காமலே போனது. அப்ரண்டிஸ் என்று பெயர் போட்டு, நிரந்தரத் தொழிலாளியின் வேலையை வாங்கினார்கள். விடுதிக் கதவு வார்டனிடம். போன் பேசவும் வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டும்.

அனுப்பிய பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரதட்சணை கேட்ட ஊரும், மழை பொய்த்த காடும், நிலமில்லாத வீடும் சேர்ந்துதான் அந்தத் துண்டறிக்கையில் கைநாட்டு வைத்தன. போனவர்களில் தலித் வீட்டுப் பெண்கள் ஏராளம். சோமோ, இந்தியா கமிட்டி ஆஃப் த நெதர்லாந்ட்ஸ் ஆகிய இரண்டு டச்சு அமைப்புகள் 2011 மே மாதத்திலும் 2014 அக்டோபரிலும் இதைப் பற்றி விரிவான அறிக்கைகள் வெளியிட்டன. இரண்டாவது அறிக்கை தமிழ்நாட்டின் ஐந்து மில்களை எடுத்துக்கொண்டு, அங்கே நூற்ற நூல் உலகப் பெயர் பெற்ற பிராண்டுகளின் ஆடைக்குள் எப்படிப் போகிறது என்று காட்டியது. அதன் பிறகு சுமங்கலி என்ற பெயர் மெல்ல மறைந்தது. பெயரோடு எல்லாமும் மறைந்துவிடவில்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைச் சந்தித்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பெயரில்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்பிவிடுகிறார் என்பது அவர்கள் சொன்ன செய்தி. மாத்திரையின் மேலும் லேபிள் இல்லை.

நூல் கோன் கோனாகத் திருப்பூர் வருகிறது. வட்ட நிட்டிங் எந்திரத்தில் துணியாவதற்கு அதிக நேரம் ஆகாது. அடுத்து சாயப்பட்டறை. சட்டையின் நிறத்துக்கு விலை கொடுத்தது நொய்யல் ஆறு. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே கரூர் மாவட்டம்வரை கிணறும் வயலும் கெட்டன. விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. திருப்பூரே திகைத்துப் போனது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் திறந்தன. அந்தத் தொழில்நுட்பத்தில் திருப்பூர் இன்று முன்னோடி என்று சொல்லிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. சட்டம் இறுகியதும் செய்ய முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு பனியன் கம்பெனி. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்ட, ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்று மெஷின் மெஷினாகச் சட்டை கைமாறுகிறது. ஒருவர் தோளை இணைப்பார், அடுத்தவர் கையை ஏற்றுவார், இன்னொருவர் கழுத்துப் பட்டி வைப்பார். முழுச் சட்டையை ஒருவரே தைப்பது கிடையாது. பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்குபவருக்குக் கைமடி என்று பெயர். சம்பளத்தில் கடைசிப் படி அது. அதில் இருப்பவர்களில் பெண்கள் அதிகம். நூல் பிசிறு வெட்டி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று முடியும். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போனால் திருப்பூர்க் கணக்கில் அது ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். பெரிய கம்பெனியில் வேலை நெருக்கும்போது தையலில் ஒரு பகுதி ‘பவர் டேபிள்’ என்கிற சிறு ஜாப் ஒர்க் கூடங்களுக்குப் போகும். அங்கே பீஸ் ரேட். பிராண்டின் ஆடிட்டர் பெரும்பாலும் பெரிய கம்பெனியின் வாசலோடு திரும்பிவிடுவார்.

இந்த ஊரின் தொழிலாளிகள் கைகட்டி நின்றவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. முதலாளிகளில் பலரே ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள், கிராமத்திலிருந்து உழைப்பை மட்டும் கொண்டுவந்தவர்கள். அந்த வளர்ச்சியை நான் மதிக்கிறேன். இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் அது. ஆனால் ஏற்றுமதி ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்குள் ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டின் ஆடைத் தையல் தொழிலாளர்களுக்கு 2004க்குப் பிறகு 2014 டிசம்பரில்தான் அடுத்த அரசாணை வந்தது. அதையும் எதிர்த்து நூற்றுக்கணக்கான ஆலை உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, 2014லிருந்து நிலுவையைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்றது. ஏற்றம் முப்பது சதவீதம்வரை. பன்னிரண்டு ஆண்டு விலைவாசி ஏற்றத்தைத் தோளில் சுமந்தவர்களுக்கு அது தாமதமாகக் கிடைத்த நியாயம்.

முதலாளிகள் ஏன் வழக்குக்குப் போனார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. சட்டையின் விலையைத் திருப்பூர் நிர்ணயிப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பிராண்டின் கொள்முதல் அதிகாரி வங்கதேசத்தில் இவ்வளவு, வியட்நாமில் இவ்வளவு என்று எதிரே விலைகளை வைத்துக்கொண்டுதான் பேசுவார். போன பருவத்தைவிடச் சில சென்ட் குறைவாகக் கேட்பார், அதோடு நாளையும் குறைப்பார். டிசைனில் கடைசி நேரத் திருத்தம் அவருடையது, கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளருடையது. பஞ்சு, நூல், மின்சாரம், வங்கி வட்டி எதிலும் பேரம் பேச இடமில்லாத ஏற்றுமதியாளர் கைவைக்க மிஞ்சுவது மனித உழைப்பு மட்டும்தான். அங்கே உரிமையாளருக்கு விழும் நெருக்கடி சூப்பர்வைசரிடம் இறங்கி, மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டாகத் தையல்காரப் பெண்ணின் தலையில் வந்து உட்காருகிறது. வசவும் கூடவே வருகிறது. 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டி-ஷர்ட்டில் தைத்த தொழிலாளிக்குப் போவது 18 சென்ட் என்று ஐரோப்பாவின் கிளீன் குளோத்ஸ் கேம்பைன் இயக்கம் ஒரு முறை பிரித்துக் காட்டியது. நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கூலியை இரட்டிப்பாக்கி, ஏறிய தொகையை அப்படியே வாங்குபவர் மேல் போட்டாலும் சட்டை விலை கால் யூரோகூட ஏறாது.

ஏற்றுமதி ஆர்டர் வெட்டும்போது டேமேஜுக்கு என்று நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பீஸ்வரை கூடுதலாக வெட்டுவார்கள். அதில் மிஞ்சியது, ஷேட் மாறியது, தையல் ஒரு நூல் விலகியது, நாள் தவறி ஆர்டரே ரத்தானது எல்லாம் சர்ப்ளஸ். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது உலகப் பிராண்டுகள் பல, தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தன. ஆசியா முழுவதும் கிடங்குகள் நிரம்பின, தொழிலாளிகள் வெறுங்கையோடு ஊருக்கு நடந்தார்கள். அப்போது பணத்தைக் கொடு என்று வாடிக்கையாளர்கள் இணையத்தில் இடைவிடாமல் கேட்டார்கள். பல பிராண்டுகள் பணிந்து, செய்த வேலைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டன. வாங்குபவரின் கேள்விக்கு எடை உண்டு என்பதற்கு அண்மைக்காலச் சாட்சி அது.

மிஞ்சிய சட்டைகள் மூட்டையாகக் காதர்பேட்டைக்குப் போகின்றன. திருப்பூரின் மொத்த வியாபாரச் சந்துகள் அங்கேதான். வடநாட்டிலிருந்து வரும் வியாபாரிகளும், தீபாவளிக்கு முன் ஊர் ஊராக வரும் சில்லறைக் கடைக்காரர்களும் கிலோவிலும் பீஸிலும் வாங்கிப் போகிறார்கள். லேபிளில் பிளேடு படுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு மூட்டை பார்சல் லாரியில் ஏறி, திருச்சி, விழுப்புரம், திண்டிவனம் தாண்டி, ஊரப்பாக்கத்துக் கடையில் இறங்குகிறது.

இந்தக் கடை முன்னால் நிற்பவர் யார்? இதுவரை உலகத்தில் ‘நுகர்வோர் பொறுப்பு’ என்று பேசியவர்களில் பெரும்பாலோர் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த வாங்குபவரை மனதில் வைத்தே பேசினார்கள். அங்கே உடுத்துபவர் ஒரு கண்டம், தைப்பவர் வேறொரு கண்டம். ஊரப்பாக்கத்தில் அப்படி இல்லை. காலை ரயிலில் ஊரப்பாக்கத்திலும் வண்டலூரிலும் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கும் பெண்களில் ஒரு பகுதியினர் மெப்ஸுக்குப் போகிறவர்கள். 1984இல் தொடங்கிய அந்த ஏற்றுமதி மண்டலத்தில் எலெக்ட்ரானிக்ஸும் மென்பொருளும் இருப்பதுபோல ஆடை ஆலைகளும் இயங்கிவருகின்றன. கூடுவாஞ்சேரிப் பக்கம் வெளிநாட்டுக்கு உள்ளாடை தைக்கிறார்கள். கம்பெனி வேன்கள் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. மாலையில் வேனிலிருந்து இறங்கி, பிள்ளைக்கு இருநூறு ரூபாய்க்குள் ஒரு சட்டை தேடும் அக்கா பகலெல்லாம் வேறொரு பிராண்டுக்குச் சட்டை தைத்தவராக இருக்கலாம். மலிவான சட்டை வாங்குகிறாயே என்று அவரிடம் போய்ப் பொறுப்பு பேச முடியாது. அவருடைய கூலி குறைவாக இருப்பதால்தான் அவருக்கு மலிவான சட்டை தேவைப்படுகிறது.

அப்படியானால் வாங்காமல் விடுவதா பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து போன காந்தி, லங்காஷயரின் டார்வென் ஊருக்குப் போனார். இந்தியா அந்நியத் துணியை ஒதுக்கியதால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊர் அது. ஒளிந்துகொள்ளாமல் அவர்கள் நடுவே நின்று பேசினார். அவர்களும் அவரை அன்போடு வரவேற்றார்கள். ஒதுக்குதலால் அடிபடுபவரின் முகத்தை நேரில் பார்க்கும் கடமை ஒதுக்கியவருக்கு உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டதாகவே நான் இதைப் படிக்கிறேன். ஒரு நாட்டின் விடுதலைக்காக அந்த ஒதுக்குதல் தேவைப்பட்டிருக்கலாம். திருப்பூர்ச் சட்டையை ஊரப்பாக்கத்தில் ஒதுக்கினால் விடுதலை கிடைப்பது யாருக்கு? ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் கைமடிதான்.

திண்டுக்கல்லில் நடந்ததைப் பார்த்தால் வேறு வழி தெரிகிறது. 2021 ஜனவரியில் கைத்தியன்கோட்டையில் உள்ள ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். வயது இருபதுதான். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்தச் சூப்பர்வைசரின் தொல்லை பற்றி அவர் முன்பே வீட்டிலும் தோழிகளிடமும் சொல்லியிருந்தார். ஆலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது, எச் அண்ட் எம் முதலிய பிராண்டுகளுக்குத் தைத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு வேண்டும் என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. ஆடிட்டர்கள் வந்துபோகும் ஏற்றுமதி ஆலைதான் இது. ஆடிட் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கராச்சியில் 2012 செப்டம்பரில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்த ஆலையும், சில வாரங்களுக்கு முன்பு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய ஆலைதான்.

பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் அப்போது பிராண்டைப் போகச் சொல்லவில்லை. இங்கேயே இரு, கையெழுத்துப் போடு என்றது. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் உடன் நின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் எச் அண்ட் எம்மைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறது. அதன்படி லைனில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள், சாதி, பாலினம் சார்ந்த இழிவைப் புகாராகச் சொல்ல முடிந்தது, சொன்னவரைப் பழிவாங்க இடமில்லை. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் ஆர்டரைக் குறைத்தாக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதற்கு முன் பிராண்டின் நடத்தை விதி சுவரில் மாட்டிய காகிதமாக இருந்தது. ஒப்பந்தம் அதைச் சங்கம் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக்கியது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, அநேகமாக எல்லாமே தீர்க்கப்பட்டன. புகார் வருவதைக் கேடு என்று நினைப்பவர்களுக்கு அந்த எண் பெரிதாகத் தெரியலாம். பேசப் பயந்தவர்கள் பேசத் தொடங்கியதன் அளவு அது.

இன்னொரு செய்தியும் இதோடு ஒட்டியது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தின் பேரில் அதே ஆலையின் சரக்கை உள்ளே விடாமல் நிறுத்தியது. நிலைமை மாறிவிட்டது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் காட்டிய பிறகு, செப்டம்பர் முதல் வாரத்திலேயே தடை நீங்கியது. சங்கம் போட்ட ஒப்பந்தம் ஆலையின் வியாபாரத்தையும் காப்பாற்றியது என்பதை நம் முதலாளிகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

சட்டையின் வழியைத் தொடர்ந்து வந்ததில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. மேலே சொன்ன மாற்றங்களில் பலவற்றுக்குப் பின்னால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கேள்வி இருக்கிறது. நைக்கி 2005இல் தன் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. எச் அண்ட் எம் 2013இல் வெளியிட்டது. இன்று ஊரப்பாக்கத்தில் உட்கார்ந்து போனில் தேடினால், எந்த வெளிநாட்டு பிராண்டுக்குத் திருப்பூரில் எந்த ஆலை தைக்கிறது என்று ஓரளவு பார்த்துவிடலாம். அதே கடையில் பக்கத்து அலமாரியில் அட்டைப்பெட்டியில் இருக்கும் நம் நாட்டுப் பனியன், ஜட்டி, லெக்கிங்ஸ் பிராண்டுகளைப் பற்றி அப்படிப் பார்க்க முடிவதில்லை. தொலைக்காட்சியில் நடிகர் விளம்பரம் செய்யும் அந்தப் பிராண்டுகள் தங்கள் ஆலைப் பட்டியலை வெளியிட்டதாக நான் பார்த்தவரை இல்லை. பவர் டேபிள்களிலும் வீடுகளிலும் தைத்துத் திரும்பும் வேலை உள்ளூர்ச் சந்தைக்குத்தான் அதிகம். அங்கே ஆடிட்டர்கூட எட்டிப்பார்ப்பதில்லை. நாம் கேட்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லவில்லை.

கேட்க வழி இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவுச் சட்ட விதிகளின்படி அந்த அட்டைப்பெட்டியில் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எலாஸ்டிக் நெகிழ்ந்தால் கூப்பிடத்தான் அந்த எண் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதைத் தைத்தது எந்த ஊர், எந்த ஆலை, நூல் எங்கிருந்து, அங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, புகார்க் குழு உண்டா என்று அதே எண்ணில் கேட்கலாம். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23லிருந்து தங்கள் தொழிலாளர் நிலையைப் பற்றி ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஆலைகளைப் பற்றிச் சொல்வது மட்டும் தள்ளிப்போய், இப்போது விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. உண்மை ஒளிந்திருக்கும் இடமே அதுதான் என்பதால், பங்கு வைத்திருப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

தனியாள் கேள்வியைவிட வலுவான கை ஊரப்பாக்கத்தைச் சுற்றியே இருக்கிறது. வண்டலூரிலிருந்து பொத்தேரி வரை கல்லூரிகள். ஒவ்வொரு துறைக்கும், விழாவுக்கும் டி-ஷர்ட். கம்பெனிகளின் ஆண்டு விழா, மாரத்தான், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விளையாட்டு எல்லாவற்றுக்கும் முந்நூறு, ஐந்நூறு பீஸ் ஆர்டர் திருப்பூருக்குப் போகிறது. மார்பில் கல்லூரியின் சின்னம் அச்சிட்ட சட்டைக்கு அந்தக் கல்லூரியே பிராண்ட். அமெரிக்காவில் தொண்ணூறுகளின் இறுதியில் மாணவர்கள் பிடித்தது இந்த நூலைத்தான். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எந்த ஆலை தைக்கிறது என்று கேட்டு நிர்வாக அலுவலகங்களில் உட்கார்ந்தார்கள். 2000இல் அந்த ஆலைகளை விசாரிக்கத் தனி அமைப்பே உருவானது. 2009இல் ஹோண்டுராஸில் சங்கம் வைத்ததும் மூடப்பட்ட ஓர் ஆலைக்காக நூறு பல்கலைக்கழகங்கள் அளவில் அதன் உரிமையாளரான ரஸல் நிறுவனத்தோடு உறவை முறித்தன. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, 1,200 பேருக்கு வேலையைத் திருப்பித் தரவும் சங்கத்தை ஏற்கவும் சம்மதித்தது.

இங்கே அவ்வளவு பெரிய போராட்டம்கூட முதலில் தேவையில்லை. அடுத்த விழாவுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, துணியின் ஜி.எஸ்.எம்., பிரிண்ட், டெலிவரி தேதி எழுதும் தாளில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: தைக்கும் கூடத்தின் பெயரும் முகவரியும்; அங்கே அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் தரப்படுவதற்கான சான்று. தேதியை நெருக்காமல் ஒரு வாரம் முன்னாலேயே ஆர்டர் கொடுத்தால் இரவு வேலை குறையும். பீஸுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால், கூலி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். அந்த இரண்டு வரிக்கும் உடனே பதில் எழுதக்கூடிய நேர்மையான சிறு கம்பெனிகள் திருப்பூரில் இருக்கின்றன. பீஸுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பவரிடம் ஆர்டரை இழந்துகொண்டிருப்பவர்களும் அவர்கள்தான்.